கடல் என்று போட்டிருக்கும் இடத்தில்

செவ்வாய்க்கிழமை மூன்று கப்பல்.
எட்டரைக்குள் கடற்கரைச் சாலை
சன்ஸ்கிரீன் வாசனைக்கு மாறிவிடும்.
இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும்
நான்காய் மடித்த கோசுமெல்.

அந்தத் தாளில் என் ஊர்
நகைக்கடை, நகைக்கடை, கைக்கடிகாரக் கடை,
மறுபடி நகைக்கடை.
பணம் கட்டிய கதவுகளுக்கு மஞ்சள் நட்சத்திரம்.
கட்டாதவற்றுக்குத் தெருவே கிடையாது.
ஆஸ்பத்திரியைக் காணோம்.
என் பையன் படித்த பள்ளிக்கூடத்தைக் காணோம்.
ஐந்தாவது அவென்யூ தாண்டியதும்
அச்சகத்தான் வெளிர்நீலம் பூசிவிட்டான்.
கட்டைவிரலால் அளந்து பார்த்தேன்:
நான் பேட்டரி மாற்றுகிற மேஜை
ஒரு டால்பின் படத்தின் வாலடியில்.
இருபத்திரண்டு வருடமாக
நனையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

மார்னியைத் தெரியும் எனக்கு.
துறைமுக வாசலில், வெள்ளைச் சட்டையில்,
'ஷாப்பிங் ஆலோசகர்' என்று பித்தளை பேட்ஜ்.
முந்தின இரவே கப்பல் அரங்கில்
மேடையேறிச் சொல்லியிருப்பாள்:
நட்சத்திரம் இல்லாத கடையில் வாங்கினால்
உத்தரவாதம் இல்லை. கவனம்.
அந்தக் 'கவனம்' எப்படி வரும் என்று
கப்பலில் பாத்திரம் கழுவும் ஃபாகுண்டோ
நடித்துக் காட்டுவான்,
ஏதோ நாங்கள் கதவுக்குப் பின்னால்
சுறா வளர்க்கிற மாதிரி.

ஊரார் வீட்டு நெய் என்பார்களே,
இங்கே நெய் கடைக்காரனுடையது, கை மார்னியுடையது.
இலையில் உட்கார்ந்தவர்கள்
உபசாரத்தில் உருகி
இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறார்கள்.

இதைச் சொன்னால் அதையும் சொல்லவேண்டும்.
போன பிப்ரவரியில் விஸ்கான்சின் கிழவி ஒருத்தி
நட்சத்திரக் கடையில் மோதிரம் வாங்கி,
ஐஸ்கிரீம் தின்று முடிப்பதற்குள்
கல் கழன்று எங்கோ விழுந்துவிட்டது.
மார்னி போய் நின்றாள்.
மேனேஜர் உலிசேஸ் கையை விரித்தான், பல்லைக் காட்டினான்,
அவள் நகரவில்லை.
மூன்றே கால் மணிக்குப் பணம் வந்தது, முழுசாக.
நட்சத்திரம் இருந்ததால்தான் அந்தச் சண்டை நடந்தது.
என் கடையில் வாங்கியிருந்தால்
கிழவி யாரைக் கூப்பிட்டிருப்பாள்?
(நானும் ஒருமுறை
ரெக்ஸின் பட்டையைத் தோல் என்று விற்றிருக்கிறேன்.
அந்த மாதம் மின்கட்டணம் பாக்கி.)

நட்சத்திரத்துக்கு என்ன விலை என்று
ஒரு தடவை விசாரித்தேன்.
பதினோரு மாத வாடகை.
பிறகு விற்பனையில் பங்கு.
காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தேன் அந்த மனிதரை.

இன்று மூன்று மணிக்கு மழை.
வாசலில் யாரோ காலணியைத் தட்டினார்கள்.
மார்னி.
சட்டையில் பேட்ஜ் இல்லை,
இருந்த இடத்தில் இரண்டு ஊசித் துளை.
தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு
மணிக்கட்டை நீட்டினாள்.
"நின்றுபோச்சு, எவ்வளவு ஆகும்?"
"அறுபது பெசோ."

உலிசேஸ் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்ததாம்.
முகப்பில் பெரிய பெயர்.
பின்மூடியைத் திறந்தேன்.
உள்ளே பிளாஸ்டிக், பொம்மைக் காரில் இருப்பது போல.
லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இருந்தேன்.
அவளும் குனிந்து பார்த்தாள்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தகரக் கூரையில் மழை மட்டும் அளவில்லாமல் பேசியது.

"உத்தரவாதம் உண்டா?" என்றாள்,
கேட்ட பிறகுதான்
கேட்டது தானென்று தெரிந்தவள் போல.
"அடுத்த செவ்வாயும் இங்கேதான் இருப்பேன்."

முள் நகர ஆரம்பித்தது.
கப்பலின் நேரம் தீவைவிட ஒரு மணி முன்னால்.
திருகைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்:
"எந்த நேரம் வைக்கட்டும்?"

தேவைக்கு மேல் கொஞ்சம் யோசித்தாள்.
"கப்பல் நேரம்."
நூறு பெசோவை வைத்தாள்,
மீதிக்கு நிற்கவில்லை.
மழையில் நடந்துகொண்டே
பழைய துளைகளிலேயே ஊசியைக் குத்தினாள்.